சித்தியின் ஆணியும் ஸ்கேல்காரரின் வீட்டுப் படமும்

என் சித்தியின் கடை விசா அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடையின் ஓரத்தில் பலகை வைத்துத் தடுத்து வாடகைக்கு விட்ட இடம் அது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, போட்டோ எடுக்கும்போது பின்னால் தொங்கவிட ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். மேசைக் காலில் ஒரு கயிறு கட்டி, அதில் மூன்று மூக்குக்கண்ணாடிகளைக் கோத்து வைத்திருக்கிறாள். வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள். "உங்களுக்கு எது தெரியுதோ அதைப் போட்டுக்குங்க, ஆனா எழுந்து போகும்போது மேசையையும் இழுத்துக்கிட்டுப் போயிடாதீங்க" என்பாள்.

அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் வெளிநாட்டுப் பெரியவர்கள். தங்கள் ஊரில் வேலை முடிந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, இங்கே வந்து குடியிருப்பவர்கள். ஆண்டுக்கு ஒரு முறை அவர்கள் விசாவை நீட்டித்தாக வேண்டும். வரிக்கும் தாள் கொடுக்க வேண்டும். ஒரே பென்ஷனுக்கு இரண்டு நாடும் வரி கேட்கும். "இவர் இங்கேதான் வசிக்கிறார்" என்று இந்த ஊர் வரி அலுவலகம் சான்றிதழ் கொடுத்தால்தான் அந்த நாடு விடும். அந்தச் சான்றிதழுக்கு விசா வேண்டும். விசாவுக்கு முகவரி வேண்டும்.

"எல்லாம் ஒரே நூல்ல கோத்த மணி. முகவரி அறுந்துச்சுன்னா மொத்தமும் தரையில கொட்டிடும்" என்று சித்தி அடிக்கடி சொல்வாள். அப்படிச் சொன்னவளே ஒரு நாள் அந்த நூலை அறுத்துவிட்டாள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

சித்தியின் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி உண்டு. கவுன்டரிலிருந்து திரும்பி வரும் விண்ணப்பத்தை மாட்டுவதற்காகக் கடை திறந்த அன்றே அவள் அடித்தது. பதினொரு ஆண்டுகளாக அதில் எதுவும் தொங்கவில்லை. ஜெராக்ஸ்காரர் ஒரு முறை தன் குடையை அதில் மாட்டிவிட்டார். சித்தி அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

அவளுடைய வழக்கம் ஒன்றே ஒன்றுதான். யார் வந்தாலும் வெறும் படிவத்தை எடுத்து வைத்து, எதிரே உட்கார வைத்து, பெயரிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதுவாள். போன வருடத்துப் படிவத்தைப் பார்த்து எழுதவே மாட்டாள். ஸ்கேல்காரர் ஒருவருக்கு மட்டும் அந்த வழக்கம் தளர்ந்துபோயிருந்தது. ஒன்பது வருடப் பழக்கம். அவருக்கு என்ன மாறிவிடப் போகிறது?

ஸ்கேல்காரர் தன் நாட்டில் கப்பல் கட்டும் இடத்தில் வரைபடம் போட்டவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஆறு அங்குல ஸ்கேல் இருக்கும். டீக்கடை பெஞ்சு ஆடினால்கூட எந்தக் கால் எவ்வளவு குட்டை என்று அளந்து சொல்வார். அவர் குடியிருப்பது எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. ஊரில் இருந்த வீட்டையும் விற்றுவிட்டுத்தான் வந்தார். நம் பேச்சை, அவருக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரம்மாவிடம்தான் கற்றுக்கொண்டார். அதனால் அந்த அம்மாவைப் போலவே பேசுவார். கோபம் வந்தால் "அட போங்க, உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று கையை உதறுவார். அந்த உயரத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் பொருந்தவே பொருந்தாது.

விசா விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வழி காட்டும் படம் ஒன்றையும் கையால் வரைந்து கொடுக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. மற்றவர்கள் இரண்டு கோடு போட்டு, ஒரு பெட்டி வரைந்து, அதன்மேல் ஒரு அம்புக்குறி போடுவார்கள். ஸ்கேல்காரர் மூன்று நாள் உட்கார்ந்து வரைவார். பஸ் நிறுத்தம், தண்ணீர்க் குழாய், மருந்துக்கடை, வளைவில் இருக்கும் மின்கம்பம், இத்தனை அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கு, எல்லாம் இருக்கும். இந்த முறை வாசலில் படுத்திருக்கும் நாயையும் வரைந்திருந்தார்.

புதன்கிழமை காலை சித்தி அவர் விண்ணப்பத்தைக் கவுன்டரில் கொடுத்தாள். விசா வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதிகாரி படிவத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் படிவத்தைப் பார்த்தார்.

"இவர் எங்க இருக்கார்?"

"பதினாலு ஏ, சார். மாடி. ஒன்பது வருஷமா அங்கதான்."

"படத்துல கட்டில் கீழ் வீட்டுல இருக்கே. கதவுல பதினாலுன்னு எழுதியிருக்கு. ஏ இல்ல."

சித்தி படத்தை வாங்கிப் பார்த்தாள். கீழ் வீட்டின் சுவரைத் திறந்து காட்டுவதுபோல வரைந்து, உள்ளே ஒரு கட்டில், அதன்மேல் நீட்டிப் படுத்த ஒரு மனிதர். மாடி ஜன்னலிலிருந்து கீழே ஒரு புள்ளிக் கோடு. அருகே சின்ன எழுத்தில், 'எட்டு மாதத்துக்கு முன் இறங்கினேன்.'

நடந்தது இதுதான். அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபோது, மாடிப்படி ஏற முடியாது என்று வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் தங்கள் கீழ் வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்கள். ஆனால் கீழுக்கும் மாடிக்கும் தனித்தனிக் கதவு எண். தாளின்படி பார்த்தால் அவர் எட்டு மாதமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வீட்டில் இருக்கிறார். வெளிநாட்டவர் வீடு மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். சித்தி கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நேர்ல வந்து பார்ப்பேன்" என்றார் அதிகாரி. "ஃபாரம்ல இருக்கிறது பொய்யின்னா நீட்டிப்பு கிடையாது. அவர் ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் புதுசா விண்ணப்பிக்கணும்."

திரும்பிப் போக அவருக்கு ஊர் ஏது? சித்தி நேராக அந்த வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். ஸ்கேல்காரர் பையிலிருந்த ஸ்கேலை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மாதான் பொங்கிவிட்டார்.

"ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே குழாய்! மேல படுத்தா என்ன, கீழ படுத்தா என்ன? கட்டிலைத் தூக்கி மாடியில போட்டுட்டா முடிஞ்சுது!"

"அக்கா, தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க. தப்பு என்னோடது. நாளைக்கு நான் வந்து பேசிக்கிறேன்" என்று சித்தி கெஞ்சிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குத் தெருவில் பெரிய சத்தம். நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சித்தி எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். கட்டில் மாடிப்படி வளைவில் குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம், மாடியில், வீட்டுக்காரம்மாவின் கணவர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். கீழே வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். ஸ்கேல்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வளைவு நாற்பத்தோரு அங்குலம். கட்டில் எழுபத்தெட்டு. போகாதுன்னு நான் ராத்திரியே அளந்து சொன்னேன்" என்றார் சித்தியைப் பார்த்து. "கேட்டாத்தானே! பெரிய ரோதனை."

"நீங்க சும்மா இருங்க! உங்க படத்தாலதான் இவ்வளவும்" என்றார் வீட்டுக்காரம்மா. "கட்டிலை எதுக்கு வரைஞ்சீங்க?"

"கட்டில் இருந்துச்சு. வரைஞ்சேன்."

"நாய்?"

"நாயும் இருந்துச்சு."

மேலேயிருந்து குரல் வந்தது. "பிள்ளைங்க வாசல்ல நிக்கும்! யாராவது என்னை முதல்ல இறக்குங்களேன்!"

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அதிகாரி ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். கையில் அந்தப் படம். படத்தைப் பார்த்தார், கீழே படுத்திருந்த நாயைப் பார்த்தார், அதைத் தாண்டி உள்ளே வந்தார். படியில் நின்ற கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவர் எங்க தூங்குறார்?"

"மேலதான் சார்! மாடியில!" என்றார் வீட்டுக்காரம்மா.

"யாரு சார் சொன்னது, மாடியில நான்தான் சார் இருக்கேன்! மாட்டிக்கிட்டேன் சார்!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையிலும் இல்லை. சித்தி முன்னால் வந்தாள்.

"சார், படம் நிஜம். ஃபாரம்தான் பொய். அதை எழுதினது நான். அவரை ஒரு வார்த்தை கேக்காம, போன வருஷத்துத் தாளைப் பார்த்து எழுதிட்டேன். கையெழுத்துப் போடச் சொன்னேன், என்னை நம்பிப் போட்டுட்டார். இவங்க கட்டிலை ஏத்தினது அவர் போயிடுவாரேன்னு பயந்துபோய். தண்டனை எதாவது இருந்தா என் கடைக்குக் குடுங்க சார். அவரை அனுப்பிடாதீங்க."

அதிகாரி கீழ் வீட்டுக்குள் போனார். கட்டில் இருந்த இடத்தில் தரையில் நான்கு கால்களின் தடம், சுவரோரம் ஊன்றுகோல், ஜன்னலில் மருந்துப் பாட்டில், மேசையில் பென்சில்கள். எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பென்சில் டப்பாகூடப் படத்தில் இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா வீடு தேடி அலையிறேன்" என்றார் வெளியே வந்து. "யாரையும் வழி கேக்காம ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தது இன்னைக்குத்தான். அதான் சீக்கிரம் வந்துட்டேன்." பிறகு வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினார். "கட்டில் மட்டும் மேல போய்ச் சேர்ந்திருந்துச்சுன்னா, இந்நேரம் நான் வேற ஃபாரம் எழுதிக்கிட்டிருப்பேன். தெரியுமா?"

"தெரியாம செஞ்சுட்டோம் சார்" என்றார் அந்த அம்மா மெதுவாக.

"முகவரி மாறினதைத் தாமதமாத் தெரிவிக்கிறதுக்குத் தனி ஃபாரம் இருக்கு. அபராதம் கட்டணும். வீட்டுச் சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். அதோட புது விண்ணப்பம். எல்லாம் நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள என் மேசையில இருக்கணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஸ்கேல்காரர் எழுந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "சார், நீங்க வலது பக்கக் காலைப் பிடிங்க" என்றார். "தலைப்பக்கம் தூக்கணும். அப்புறம் சுவர்ப் பக்கம் சாய்க்கணும். வேன்காரர் இழுக்கக் கூடாது, தள்ளணும். நான் சொல்லும்போது மட்டும்."

அதிகாரி ஒரு கணம் திகைத்தார். பிறகு பேனாவைப் பையில் செருகிவிட்டுக் கட்டில் காலைப் பிடித்தார். நான்கே அசைவில் கட்டில் விடுபட்டுக் கீழே வந்தது. வேன்காரர் எல்லோரையும் தாண்டிக் குதித்து ஓடினார். ஓடும்போதும் "சார், ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அன்று மத்தியானம் சித்தி ஸ்கேல்காரரைக் கடைக்கு வரவழைத்து எதிரே உட்கார வைத்தாள். வெறும் படிவத்தை எடுத்தாள்.

"உங்க பேரு?"

"ஒன்பது வருஷமாத் தெரியாதா?"

"தெரியாது. சொல்லுங்க."

அவர் சொன்னார். பிறந்த தேதி, அம்மா பெயர், பென்ஷன் கொடுக்கும் அலுவலகம், வரி எண், எல்லாவற்றையும் அவள் புதிதாகக் கேட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்து, "பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி என்னம்மா இவ்வளவு கேள்வி?" என்றார். சித்தி நிமிரவே இல்லை. முகவரிக்கு வந்தபோது மட்டும் பேனாவை வைத்துவிட்டு, "ராத்திரி எங்க படுக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"கீழ. பதினாலு. ஜன்னலுக்கு நாலடி தள்ளி" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்கு விண்ணப்பம் உள்ளே போனது. சித்தி கவுன்டர் முன்னாலேயே நின்றாள். ஸ்கேல்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டி, பெஞ்சின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். பதினொன்றுக்கு முத்திரை விழுந்தது. இன்னும் ஒரு வருடம். வரிச் சான்றிதழும் புது முகவரிக்கே வரும். அபராதத்தைச் சித்திதான் கட்டினாள். அவர் எவ்வளவு சொல்லியும் விடவில்லை.

கடைக்கு வந்ததும், கவுன்டரில் திருப்பிக் கொடுத்திருந்த அந்தத் தப்பான படிவத்தில் துளை போட்டு ஆணியில் மாட்டினாள். இப்போதும் அது அங்கேதான் தொங்குகிறது. "கழட்டிடேன், பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "நான் பார்க்கிறதுக்குத்தான் மாட்டியிருக்கேன்" என்று சித்தி சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அதிகாரி ஸ்கேல்காரர் படத்தைப் பிரதி எடுத்து, 'படம் இப்படி இருக்க வேண்டும்' என்று எழுதிக் கவுன்டர் அருகே ஒட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் இப்போது அதைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். போன வாரம் ஒரு வெளிநாட்டு அம்மா படத்தோடு வந்தார். ஐந்தாவது மாடி ஃபிளாட். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது.

"உங்க வீட்டுல நாய் இருக்கா?" என்று சித்தி கேட்டாள்.

"இல்ல. ஆனா மாதிரியில இருக்கே!"

சித்தி அழிரப்பரை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். மேசைக் காலில் கட்டிய கயிற்றிலிருந்து ஒரு கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தாள்.