பத்து மணிக்கு ஏறினான்

நாங்கள் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவனுக்குக் கஞ்சி என்று பெயர். சட்டை அப்படி விறைப்பாக நிற்கும். "சிரிச்சா சட்டை கசங்கிடுமாடா?" என்று மேஸ்திரி சீண்டுவார். அதற்கும் சிரிக்க மாட்டான். பல வருடமாக என் அறையில் அடுத்த கட்டில் அவனுடையது.

சலவைக்கூடம் நிலவறையில் இருக்கிறது, சன்னல் கிடையாது. அங்கே யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. "போர்வை எப்ப வரும்?" என்று மேலிருந்து கேட்டால், "போட்டாச்சு, ஒரு மணி நேரம்" என்போம். மீதிக் கணக்கு கேட்டவர் பாடு.

அவன் அப்பா போன செய்தி விடியற்காலையில் வந்தது. நம்மூரில் அப்போது முந்தின நாள் இரவு. இந்த ஓர் அழைப்புக்குப் பயந்துதான் எங்களைப் போன்றவர்கள் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறோம். பேசியது அக்கா.

"முகத்தைப் பாக்கணும்க்கா. வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க."

"நீ இல்லாம எடுப்பேனாடா? ஆனா உடம்பு தாங்காதுன்னுட்டாங்க. சுடுகாட்டுலயும் ஆறு மணிக்கு மேல விடமாட்டாங்களாம். எப்ப வந்து சேருவே?"

"பத்து மணிக்கு ஏறுறேன். பன்னெண்டு மணி நேரம்."

பக்கத்தில் அவன் பையை அடுக்கிக்கொண்டிருந்த எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை.

பத்து என்பது நாங்கள் வேலை பார்க்கும் ஊரின் காலைப் பத்து. அக்கா வீட்டில் அப்போது விடிகாலை நாலரை. அங்கே விடிந்ததும் சொந்தபந்தம் கூடி, "பையன் எப்ப வர்றான்?" என்று கேட்க, அக்கா பத்தோடு பன்னிரண்டைக் கூட்டி ராத்திரி பத்து என்றாள். பதறிப்போய் அவனுக்குப் போன் போட்டாள். விமானத்தில் இருந்தவனின் போன் அணைந்திருந்தது. அத்தான் சுடுகாட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தூக்கிவிட்டார்கள்.

அந்த நேரம் இவன் முன்னிருக்கைத் திரையில் பொம்மை விமானம் ஒன்று கடல்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டானாம். "அழுகையே வரலப்பா. காதுதான் அடைச்சுது" என்றான் என்னிடம்.

நாலரை மணிக்கு இறங்கினான். ஐந்தரை மணிக்கெல்லாம் வீடு. ஆறுக்கு முன்னால் வந்துவிட்டோம் என்றுதான் காரிலிருந்து குதித்திருக்கிறான். தெருவில் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடம் கழுவிவிட்டு ஈரமாக இருந்தது.

அக்கா அவனைப் பார்த்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து மணிக்குன்னுதானேடா..."

"ஏறுறதுதான்க்கா பத்து, அந்த ஊர்ப் பத்து."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு மூணு மணி நேரம் பொறுக்காத பாவியாயிட்டேனே! திட்டுடா. ரெண்டு வார்த்தை திட்டித்தான் தொலையேன்."

அவன் ஈரத்தரையில் செருப்போடு நின்றான். அத்தான் போனை நீட்டினார். "முகம் படம் எடுத்து வச்சிருக்கேன் மாப்ள."

"இருக்கட்டும் அத்தான், அப்புறம் பாத்துக்கறேன்." பிறகு அக்காவிடம், "பசிக்குதுக்கா" என்றான்.

அவள் எழுந்து போய்ச் சோறு போட்டாள். சாப்பிட்டானாம்.