சாந்தகுமாரி கேட்ட மனை

ராமண்ணா தோட்டத்து நாற்பது வீடுகளுக்கும் ஹக்கு பத்திரம், அதாவது நம் பக்கம் சொல்கிற பட்டா, வாங்கித் தருவதாக அலைந்த சாந்தகுமாரிக்கும் அதில் ஒரு வீடு உண்டு, ஆனால் அவள் எந்த ஊர்க்காரி என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, வாய் சும்மா இருக்குமா? கோலார் பக்கம் என்றார்கள், ஆனேக்கல் என்றார்கள். தொண்ணூற்றொன்றில் தமிழர்களை அடித்த கலவரத்தில் எல்லாம் இழந்து வந்தவள் என்றது ஒரு வாய். கட்சிக்காரன் அனுப்பிய ஆள் என்றது இன்னொரு வாய். அவள் சுத்தமாகக் கன்னடம் பேசியது வேறு சந்தேகத்தை வளர்த்தது. காலையில் நர்சிங் ஹோமில் ஆயா வேலை, மதியத்துக்கு மேல் மனுவும் கையுமாக ஆபீஸ் ஆபீஸாக நடை. காரணமில்லாமல் ஒருத்தி இப்படி அலைவாளா?

ரங்கநாதனுக்கு இந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. குடியாத்தத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான். அல்சூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை, தோட்டத்தில் டோரீன் அக்கா வீட்டுக்கு மேலே தகரம் போட்ட அறை. சாந்தகுமாரியின் மனுக்களை நகலெடுத்துக் கொடுப்பவனே அவன்தான். தாளைக் கண்ணாடியில் கவிழ்க்குமுன் உற்று உற்றுப் பார்ப்பான். எல்லாம் கன்னட எழுத்து, ஒன்றும் புரியாது. புரியாத எரிச்சலில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு வியாழக்கிழமை, நகல்களைக் கொடுக்க வார்டு ஆபீசுக்குப் போனான். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே இன்ஜினியரிடம் அவள் குரல் கேட்டது. "நன்ன மனெ மொதலு..." அடுத்த சொல்லின் மேல் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தொலைத்தான். 'கொடி' என்றுதான் ரங்கநாதன் காதில் விழுந்தது. கொடி என்றால் கொடுங்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டுப் பழகிய கன்னடம் அது. என் மனையை முதலில் கொடுங்கள்.

அட, இதற்குத்தானா இத்தனை நடை? நகல்களை பியூன் மேஜையில் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, சோழியன் குடுமி சும்மா ஆடுமா? நம்மளக் காட்டி அவங்களுக்கு ஒரு மனை கேக்குறாங்க."

டோரீன் தையல் மிஷினை நிறுத்தினாள். "நீயே கேட்டியா?"

"என் காதால கேட்டேன்."

கன்னடத்தில் என்ன சொன்னாள் என்று டோரீன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிறந்ததிலிருந்து கன்னடம் பேசுகிறவள். கேட்கவில்லை, புண்ணியவதி.

சாயங்காலத்துக்குள் குழாயடி முழுக்க இதே பேச்சு. சனிக்கிழமை சாந்தகுமாரி வந்து, "டோரீன், உன் முன்ரூமை ரெண்டு மாசத்துக்கு விடேன்" என்றாள். டோரீன் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உனக்குத்தான் மனை வருதாமே. அப்புறம் எதுக்கு இங்க?"

சாந்தகுமாரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படியில் நின்ற ரங்கநாதனைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். ஜெயித்தது அவன்தான், ஆனால் அன்றைக்குச் சோற்றைப் பாதியில் மூடி வைத்தான்.

திங்கட்கிழமை காலை புல்டோசர் வந்தது. இன்ஜினியர் சாந்தகுமாரியின் கதவைக் காட்டி டிரைவரிடம் சொன்னார். "ஈ மனெ மொதலு ஒடி."

ஒடி. கொடி இல்லை.

டோரீன் ஓடிப்போய் இன்ஜினியரிடம் கேட்டாள். திரும்பியபோது முகத்தில் ஈயாடவில்லை. "மோரி, சாக்கடைத் தண்ணி போற வழியில இருக்கிறது இவ வீடு மட்டும்தானாம். அது போயிட்டா மத்த முப்பத்தொம்போதுக்கும் பத்திரம் தர்றோம்னு எழுதி வாங்கியிருக்கா. என் வீட்ட முதல்ல இடிங்கன்னுதான் அன்னைக்குச் சொன்னாளாம். கன்னடத்துல மனென்னா வீடுடா பாவி. நானும் ரூம் இல்லேன்னு தொரத்திட்டேனே."

சாந்தகுமாரி தெருவில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். ரங்கநாதன் வெட்கத்தில் குறுகிப்போய் அவள் எதிரில் நின்றான்.

"அக்கா, நான்தான்..."

"தெரியும் தம்பி. செத்த தள்ளி நில்லு, தூசி அடிக்கும்."

சுவர் சரிந்தது. தூசி அடங்க நேரமாயிற்று. அந்த நேரத்திலும், நீங்கள் எந்த ஊர், எதற்காக இதெல்லாம் என்று கேட்க அவன் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டான்.

அவள் எதிரே கிடந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஊர்ல மனைன்னா காலி எடம்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப நீ சொன்னது சரிதான். கெடச்சுடுச்சு."