காவடி விரதமும் சாக்லேட் புரோட்டீனும்

விரதத்தில் இருந்துகொண்டு தினமும் காலையில் மாட்டைக் கலக்கிக் குடித்திருக்கிறீர்களா? நான் குடித்தேன். சாக்லேட் சுவையில்.

தன் இதய ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்தால் மகன் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டது அம்மாதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாளே, அதற்கு மேல் என்ன பேசுவது? கோழி, மீன், முட்டை எல்லாம் கட்.

நானோ மலேசியாவில், பத்து பகாட் ஊரில், ஒரு ஜிம்மில் பளு தூக்குகிறவன். கோழி நெஞ்சுக்கறியில் ஓடுகிற உடம்பு இது. அதை விட்ட முதல் வாரமே, ஸ்குவாட் அடித்த மறுநாள் தொடை இரண்டும் கட்டையாகிப் படி இறங்க முடியவில்லை. தசை ஆற புரோட்டீன் வேண்டும். ஆன்லைனில் பெரிய டப்பாவாக பவுடர் வாங்கினேன். பவுடர் என்றால் பாலிலிருந்து எடுப்பதுதானே, டிகிரி முடித்தவனுக்கு இது தெரியாதா? ஹலால் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். எங்கள் வீட்டில் பிஸ்கட்டிலிருந்து பற்பசை வரை அப்படித்தான். ஹலால் என்றால் பன்றி இல்லை, வாங்கலாம்.

அம்மாவே காலையில் விளக்கேற்றிவிட்டு சில்வர் டம்ளரில் கலக்கித் தருவாள். உடம்பு தேறட்டும் என்று அவளுக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளச் சொன்னேன். ருசியாக இருக்கிறது என்றாள்.

நேற்று ஜிம்மில் டப்பாவை வெளியே எடுத்தேன். கூடப் பயிற்சி செய்கிற நண்பன், சாப்பாட்டுக்கடைக்காரர் மகன், தமிழ் முஸ்லிம், கையிலிருந்த பளுவைக் கீழே வைத்தான்.

"மச்சான், நீ விரதம்தானே?"

"ஆமா. ஏன்?"

"இது லெம்புடா. மாடு. மூட்டுக்கு நல்லதுன்னு மாட்டுத் தோல்ல எடுத்த கொலாஜன் போட்டிருக்கான். எந்த மாடு, ஒழுங்கா அறுத்ததான்னு கேட்டுட்டுத்தான் நான் வாங்கினேன். நீ கேக்கலயா?"

எனக்கு ஏன் கேட்கத் தோன்றும்? எங்கள் குடும்பத்தில் மாட்டுக்கறியைத் தொட்டவரே கிடையாது. மாடு இல்லை என்று அந்த முத்திரை எனக்கு எப்போது சொன்னது? முறைப்படி அறுத்த மாடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் சிரிக்க ஆரம்பித்தான். அம்மாவும் குடிக்கிறாள் என்றதும் நிறுத்திவிட்டான்.

"அலமாக். அம்மாகிட்ட சொல்லாதடா."

சொல்லாமல் எப்படி? காவடி ஏறப்போவது என் தோளில். இன்று காலை அவள் டம்ளரை நீட்டியபோது சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். தொட்டியில் கவிழ்த்துவிட்டு டம்ளரைக் கழுவினாள். டம்ளர் எப்போதோ சுத்தமாகிவிட்டது, குழாயை மூடவே இல்லை. பிறகு நெஞ்சுத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீயும் குடிச்சிட்ட, நானும் குடிச்சிட்டேன். வேண்டுதல் செல்லுமாடா?"

கோயில் ஐயருக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். லைன் பிஸி.