நாடு என்ற கட்டத்தில் நான் எழுதியது

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்கவும். எழுபத்தொரு வயதில் எழுதக் கற்றவன் நான். தாளில் எழுதி, படம் பிடித்துத்தான் இங்கே போடுகிறேன். இந்தப் பத்திக்கே அரை மணி நேரம் ஆயிற்று. அதிலும் ஒரு சந்தோஷம்.

போன புதன்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போனேன். என் மகள் மாலதி அங்கே சரக்குப் போக்குவரத்துப் பாடம் நடத்துகிறாள். பாடத்தில் பன்னாட்டுப் பார்வை வேண்டும், வெளிநாட்டு விருந்தினர் ஒருவராவது வர வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அன்று வகுப்பைப் பார்க்கப் பாடக்குழுவிலிருந்து ஒருவர் வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அடுத்த ஆண்டு அந்தப் பாடம் கிடையாது. மூன்று வருடம் உழைத்து அவள் உண்டாக்கிய பாடம். அதற்கு அவள் கூப்பிட்ட ஆள் நான்! இருபத்தெட்டு வருடம் மலேசியாவின் ஜோகூரிலிருந்து சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவன். தினமும் எல்லை தாண்டியவர் என்றாள் மாலதி. எனக்கு விளங்கவில்லை.

காலை 8.10க்கு என் வீடு இருக்கும் உட்லண்ட்ஸில் எம்ஆர்டி ரயில் ஏறினேன். நியூட்டனில் மாறி, 9 மணிக்கு லிட்டில் இந்தியா. மாணவர்களுக்குக் காட்ட பஃபலோ ரோட்டில் நான்கு நிறக் கயிறு வாங்கினேன், 6 வெள்ளி, அதாவது எங்கள் டாலர். 9.40க்கு டாக்சி, 12 கிலோமீட்டர், 24 நிமிடம், 17 வெள்ளி 60 காசு.

ஓட்டுநர் தமிழர். "எங்க அங்கிள், செக்கப்பா?" என்றார்.

"இல்லப்பா, யுனிவர்சிட்டி. நான் வெளிநாட்டு விருந்தினர்."

"எந்த நாடு?"

"உட்லண்ட்ஸ்."

அடுத்த சிக்னல் வரை சிரித்தார். "அப்போ கெஸ்டுக்கு பாஸ்போர்ட் செக் பண்ணணும் லா!"

வகுப்பில் நான் சொன்னதை மாலதி ஆங்கிலத்தில் சொன்னாள். லாரி ஓட்டிய நாளில் எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கடையின் பெட்டிக்கும் ஒரு நிறக் கயிறு. கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றுவேன். சோதனைச் சாவடியில் எந்தப் பெட்டியைக் கேட்டாலும் சட்டென்று எடுத்துவிடுவேன்.

பிரேசிலிலிருந்து படிக்க வந்த லூயிசா என்ற பெண், இரண்டு கடைக்காரர்கள் ஒரே நிறம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றாள்.

"எல்லாருமே சிவப்புதான் கேப்பாங்க. ஒருத்தருக்குக் குடுத்தா மத்தவங்க ஒரு வாரம் பேச மாட்டாங்க" என்றேன். மாலதி சொல்லி முடிக்கும் முன்பே மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

பிறகு விருந்தினர் படிவம் வந்தது. "கையெழுத்து மட்டும் போடுங்கப்பா, மத்தத நான் எழுதுறேன்" என்றாள் மாலதி. நான் விடுவேனா? கட்டங்களை அவள் வாசிக்க, நானே தமிழில் நிரப்பினேன். நாடு என்ற இடத்தில் 'சிங்கப்பூர்' என்று எழுதினேன். புள்ளி கூடத் தவறவில்லை.

குழுவிலிருந்து வந்தவரும் தமிழர். வாங்கிப் பார்த்தார். "அங்கிள், நீங்க லோக்கல் லா. இதை எப்படி நான் இன்டர்நேஷனல்னு போட முடியும்?"

மாலதியின் முகம் வெளிறியது. அழித்து எழுதலாமா என்று கேட்டேன். "பொய் எழுத வேண்டாம்பா" என்றாள்.

என்ன நடக்கிறது என்று லூயிசா விசாரித்தாள். பிறகு குழுவிலிருந்து வந்தவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். மாலதி எனக்குச் சொன்னது இதுதான்: "எனக்கு இவர் வெளிநாட்டுக்காரர். இவருக்கு நான் வெளிநாட்டுக்காரி. நீங்கள் யார் பக்கமிருந்து பார்க்கிறீர்கள்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "இதுக்கு ஃபாரத்துல கட்டமே இல்ல லா" என்றார். பிறகு ஒரு ஓரத்தில் பொடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாடத்துக்கு இன்னும் ஓர் ஆண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் நாட்டில் லாரி ஓட்டும் ஒருவரை வீடியோவில் வகுப்புக்கு அழைக்க வேண்டும்.

நான் வெளிநாடா, உள்நாடா? இன்னும் தெளிவில்லை. மாலதி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

இதுபோல் போகிறவர்களுக்கு: அரை மணி முன்னதாகப் போங்கள், எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி. மூக்குக் கண்ணாடி அவசியம். படிவத்தை நிரப்பும் முன் அது எதற்கு என்று கேளுங்கள். ஆனால் உள்ளதையே எழுதுங்கள்.

வருகிற புதன்கிழமை லூயிசாவின் மாமா பேசுகிறாராம். என்னையும் வரச் சொன்னார்கள். பிரேசில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த மாமா சொல்வதை அடுத்த வாரம் எழுதிவிடுவேன், நான்கு நாள் பிடித்தாலும்.