ஆறு ஜொக்கிகளின் சம்பளம்

பிரதீபாவின் உயரம் ஐந்தடி ஏழங்குலம். வேறு வேலைக்குப் போயிருந்தால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் போனது பந்தயக் குதிரை ஓட்ட. தட்டைத் தரையில் ஓடும் பந்தயத்தில் ஜொக்கியின் நிறை ஐம்பத்திரண்டு கிலோவைத் தாண்டினால் குதிரை தர யோசிப்பார்கள். பத்தொன்பது வயதில் மூன்று மாதம் அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டுக்குக் கீழே முள் இறங்கவே இல்லை.

கனடாவில் விட்பி என்ற ஊருக்கு வடக்கே, அவள் பன்னிரண்டு வயதிலிருந்து சனிக்கிழமைகளில் சாணம் அள்ளிச் சவாரி பழகிய லாயத்தின் சொந்தக்காரிதான் வழி சொன்னாள். தடை தாண்டும் பந்தயத்துக்குப் போ, அங்கே நிறைக் கணக்கு வேறு, உன்னைப் போல நெடியவர்களும் ஓடுகிறார்கள் என்றாள். கனடாவில் அந்தப் பந்தயம் இல்லை என்றே சொல்லிவிடலாம். பிரதீபா இங்கிலாந்துக்குப் போனாள். ரூஜில் இருந்த வீட்டில் அம்மா சந்திரவதனா ஒரு கிழமை யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்பா தில்லையம்பலம் விமான நிலையத்துக்குக் காரோட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, "விழாமல் ஓடு" என்று மட்டும் சொன்னார்.

அங்கே ஐந்து குளிர்காலம் ஓடினாள். ஏறினால் காசு, ஏறாவிட்டால் இல்லை. அதுதான் அந்தத் தொழிலின் ஏற்பாடு. ஒரே ஒரு குதிரைக்காக நான்கு மணி நேரம் காரோட்டிப் போய், இரவு பெய்த மழையில் திடல் சேறாகிப் பந்தயம் நிறுத்தப்பட்டது என்று கேட்டுவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. பெற்றோல் அவளுடையது. கிடைக்கிற கூலியில் முகவருக்கு ஒரு பங்கு, சேணமும் உடுப்பும் பார்த்துத் தருகிறவருக்கு ஒரு பங்கு போகும். காறை எலும்பு உடைந்தது இரண்டு தடவை. இரண்டாவது தடவை, வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிவிட்டார் என்று அப்பாவிடம் பொய் சொல்லிக் காசு எடுப்பித்தாள். அந்த வசந்தத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

இப்போது வயது முப்பத்தொன்று. விடிந்ததும் ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் குதிரைகளை ஓட்டிப் பழக்குவாள். ஒரு குதிரைக்கு இருபத்தைந்து டொலர். பின்னேரங்களில் ஒரு பண்டகசாலையில் பாட் டைம் வேலை. அந்தப் பண்ணையில் நின்ற குதிரைகளில் இரண்டு பத்மநாதனுடையவை.

பத்மநாதன் வீட்டுக் கடன் எடுத்துக் கொடுப்பவர். ஸ்காபரோவில் பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் உட்காரும் வாங்குகளின் முதுகில் அவருடைய படம் சிரிக்கும். தில்லையம்பலத்துக்கு ரூஜ் வீட்டை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். போன வருடம் அவரும் இன்னும் மூன்று குதிரைச் சொந்தக்காரர்களும் சேர்ந்து, செப்டெம்பரில் அந்தப் பண்ணையிலேயே ஒரு குதிரை விழா வைத்தார்கள். கடைசி நிகழ்ச்சி தடை தாண்டும் பந்தயம்: ஆறு குதிரைகள், எட்டுத் தடைகள். விளம்பரத்தில் பிரதீபாவின் படம் பெரிதாக வந்தது. கீழே, "எங்கள் மண்ணின் மகள்" என்று போட்டிருந்தார்கள்.

அவளிடம் கேட்டபோது அவள் உடனே ஓம் என்றாள். திரும்பி வந்த பிறகு ஒரு தடையும் தாண்டாமல் இருந்தவள் அவள். சம்பளத்தைப் பற்றிப் பிறகுதான் நினைத்தாள். வென்ற ஜொக்கிக்குப் பரிசுப் பணத்தில் பத்து வீதம், மற்றவர்களுக்கு மதியச் சாப்பாடும் ஒரு ரீசேட்டும் என்று தெரிந்ததும் பத்மநாதனுக்கு எழுதினாள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் முந்நூறு டொலர். விழுந்து முறிந்தால் ஆறு கிழமைக்கு வேலை இழந்த காசு. "பாப்பம் பிள்ளை" என்று பதில் வந்தது. இரண்டு கிழமையாக அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

விழாவன்று ஜொக்கிகளுக்கென்று அடித்த கூடாரத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். என்ன நடந்தாலும் பொறுப்பு ஓடுகிறவருடையதே என்று அதில் இருந்தது.

கூடாரத்தில் மூத்தவர் றொபேட். பார்படோஸ்காரர், நாற்பத்திரண்டு வயது. காலையில் நயாகராப் பக்கமிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். அவர் பேனாவைத் திறந்துவிட்டார். பிரதீபா அவர் கையைத் தொட்டு, "கொஞ்சம் பொறுங்கள், நான் சம்பளம் கேட்டிருக்கிறேன். ஆறு பேருக்கும்" என்றாள் ஆங்கிலத்தில்.

"கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள், பெண்ணே."

"இந்த முறை கூப்பிட்டு என்ன தந்தார்கள்?"

றொபேட் அந்தத் தாளை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு பேனாவை மூடினார். மற்ற நால்வரும் இளம் ஆட்கள். றொபேட் வைக்காத கையெழுத்தை அவர்களும் வைக்கவில்லை.

செய்தி போய்ப் பத்து நிமிடத்தில் பத்மநாதன் வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வியர்த்திருந்தார். எல்லாருக்கும் ஆங்கிலத்தில் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பிரதீபாவின் பக்கம் திரும்பித் தமிழில் தாழ்ந்த குரலில் பேசினார்.

"என்ன பிள்ளை உது? வெளியில ரெண்டாயிரம் சனம் நிக்குது."

"ரெண்டு கிழமைக்கு முதலே கேட்டனான், அங்கிள்."

"சரி, உனக்கு நான் தாறன். ஐந்நூறாத் தாறன். இவையளுக்குச் சொல்லாத. இவை ஒரு ரீசேட்டோட சந்தோசமாப் போற ஆக்கள்."

மற்ற ஐந்து பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்கவில்லை. பிரதீபாவுக்கு அந்த ஐந்நூறு டொலர் பெரிய காசு. காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்ற வேண்டியிருந்தது.

"அங்கிள், நீங்கள் சொன்னதை நான் இவைக்கு இங்கிலீசில சொல்லலாமோ?"

பத்மநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்னை அவமானப்படுத்திறாய்."

"இல்லை. அதாலதான் கேட்டுப்போட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன்."

அவர் வெளியே போனார். அவள் மற்றவர்களிடம் ஒரு வரியில் சொன்னாள்: எனக்கு மட்டும் தருவதாகச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். றொபேட் தலையை ஆட்டினார். கூடாரத் துணி காற்றில் அடிபட்டது. வெளியே, சேணம் பூட்டிய ஆறு குதிரைகளையும் வட்டமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி, பந்தயம் சற்றுத் தாமதம் என்று இரண்டு தடவை சொன்னது.

அடுத்து வந்தவர் தில்லையம்பலம். கூடார வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதா என்று யோசித்து, கழற்றாமலே உள்ளே வந்தார்.

"அவர் என்னை அனுப்பினவர்," என்றார்.

"தெரியும் அப்பா."

"எங்களுக்கு வீடு எடுத்துத் தந்த மனுசன்."

"ஓம்."

அவர் ஒரு மடக்குக் கதிரையில் இருந்தார். இருபத்திரண்டு வருடம் ஏஜக்ஸில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். கதிரையில் இருந்தாலும் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துத்தான் இருப்பார். "முறிஞ்சா ஆஸ்பத்திரிச் செலவு அரசாங்கம் பாக்கும்தானே எண்டு அவர் கேக்கிறார். என்னட்டை அதுக்கு மறுமொழி இல்லை."

"ஆஸ்பத்திரிக்குக் காசு வேண்டாம்தான் அப்பா. வீட்டில கிடக்கிற ஆறு கிழமைக்கு ஆர் தாறது? இங்கிலாந்தில உங்களிட்டை வாடகைக்கெண்டு காசு கேட்டன். அது வாடகை இல்லை. எனக்கு எலும்பு முறிஞ்சு கிடந்தது. ரெண்டாம் தரம்."

தில்லையம்பலம் அவளுடைய தோளைப் பார்த்தார். எந்தத் தோள் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"உப்பிடியே இருக்கட்டும்." எழும்பினார். "நான் போய்ச் சொல்லுறன், என்ர பிள்ளை கேட்டது நியாயம் எண்டு. பிறகு அவர் பாக்கட்டும்."

அவர் அங்கே என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று பிரதீபாவுக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. கால் மணி நேரத்தில் பத்மநாதன் வெள்ளைத் தாளில் கையால் எழுதிய ஒன்றைக் கொண்டுவந்தார். ஆறு பேர், ஆளுக்கு முந்நூறு, விபத்தென்றால் ஆறு கிழமைச் சம்பளம். நான்கு சொந்தக்காரர்களும் கையெழுத்து வைத்திருந்தார்கள். அவர் அதைப் பிரதீபாவிடம் நீட்டாமல் றொபேட்டிடம் கொடுத்தார்.

பந்தயம் ஐந்து நிமிடம் கூட இல்லை. பிரதீபா ஏறியது பத்மநாதனின் மண்ணிறப் பெண் குதிரை. முதல் தடையில் அது தயங்கியது. இரண்டாவதில் அவளுடைய முழங்கால்களுக்குப் பழைய ஞாபகம் வந்தது. தரை அவளுக்குக் கீழே விலகிப் போய்த் திரும்பவும் வந்து சேர்கிற அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஐந்து குளிர்காலம் பெற்றோலுக்குக் காசு இறைத்தாள். ஆறாவது தடையில் முன்னால் போன றொபேட்டின் குதிரை முன்கால் தட்டி, அவரைத் தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டது. அவள் குதிரையை வலப்பக்கம் இழுத்து, அவரை மிதிக்காமல் கடந்தாள். அந்த இழுவையில் இடம் போனது. மூன்றாவதாக வந்தாள்.

றொபேட்டின் மணிக்கட்டு முறிந்திருந்தது. குதிரைக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பிரதீபா எதிர்பார்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் ஞாபகப்படுத்தாமலே பத்மநாதன் றொபேட்டுக்கு முதல் கிழமைச் சம்பளத்தை அனுப்பினார். ஆறு கிழமையும் தவறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நயாகராவுக்கே காரில் போய், ஒரு கூடை பழம் கொடுத்துவிட்டு வந்தார் என்று றொபேட் சொன்னார். அதே மாதம் தன்னுடைய இரண்டு குதிரைகளையும் பிரதீபாவிடமிருந்து எடுத்து வேறு ஒரு பையனிடம் ஓட்டக் கொடுத்தார். கோயிலில் கண்டால் தில்லையம்பலத்தோடு நன்றாகப் பேசுவார். அவளைக் கண்டால் போனை எடுத்துப் பார்ப்பார்.

காலையில் இரண்டு குதிரை குறைந்தது என்றால் கிழமைக்கு முந்நூறு டொலர் குறைந்தது. மார்கழி வரையில் அவள் பண்டகசாலையில் கூடுதலாக இரண்டு ஷிப்ட் எடுத்தாள். தை மாதம் விட்பிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து ஒரு பெண் அழைத்து, மூன்று இளங்குதிரைகளுக்குத் தடை பழக்க ஆள் வேண்டும் என்றாள். பெயரைக் கொடுத்தவர் றொபேட். அந்தப் பெண் பேச்சை ஆரம்பிக்கும்போதே, "உங்கள் கூலி எவ்வளவு?" என்று கேட்டாள். பிரதீபாவிடம் அதை முதலிலேயே கேட்டவர்கள் அதுவரை இருந்ததில்லை. அவள் தொகையைச் சொன்னாள். அந்தப் பெண் சரி என்றாள்.

இந்த வருட விழாவுக்கு அவளை அழைக்கவில்லை. றொபேட் தனக்கு வந்த படிவத்தைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார். ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் முந்நூற்றைம்பது டொலர் என்று அச்சிலேயே இருந்தது. அவள் அதைச் சமையலறை மேசையில் அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, இரண்டு தடவை வாசித்தார்.

"அம்பது கூட்டிப்போட்டினம்," என்றார்.