வாய்க்காலில் விழுந்த தெரு

மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது அருணாசலம் வந்து வாசலில் நின்றான். "அப்பா போயிட்டாவ" என்றான்.

அவன் அப்பா நல்லபெருமாள் பிள்ளையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். எங்கள் அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்தபின் ஸ்டேஷன் பக்கம் புதுத்தெரு எழுப்பியவர் அவர்தான். தெரு நெடுகக் கல் பாவிய சாக்கடை கட்டி, வாய்க்காலில் கொண்டுபோய் விட்டார். "என் தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி தேங்காது வே" என்பார். நாங்களும் மெச்சினோம்.

அடுத்த கோடையில், வாய்க்காலின் கீழ்க்கோடியில் இருந்த கூரை வீடுகளில் வாந்திபேதி கண்டது. வைத்தியத்துக்கு நான் போனேன். அவர் கஞ்சித் தவலையோடு வந்தார். இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்திருந்த மாடத்தி குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "அண்ணாச்சி, ஒங்க தெருத் தண்ணி எங்கன போவுது?"

"வாய்க்காலுக்கு."

"நாங்க அதத்தான குடிக்கோம்."

சொல்லிவிட்டு, மிஞ்சியிருந்த பிள்ளைக்காகச் சட்டியை நீட்டினாள். அவர் கஞ்சியை ஊற்றினார்.

மறுநாள் ஒரு புட்டியில் வாய்க்கால் தண்ணீரோடு என்னிடம் வந்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு துளியை வைத்துக் காட்டினேன். நெளியும் கிருமிகளை வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டு உசுரு கெடந்து ஓடுது. ஒரு சத்தமும் இல்லையே வே" என்றார்.

அன்று மாலையே கடப்பாரையோடு போய்ச் சாக்கடையின் வாயை அடைத்தார். தண்ணீரைத் தரிசு நிலத்துக்குத் திருப்பிவிட்டார். தெரு நாறுகிறதென்று குடியிருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "நாறட்டும். நாத்தம் ஒங்க மூக்கோட நிக்கும்" என்றார். பாதி வீடுகள் காலியாயின.

ஆனால் அதற்குள் மேலே இன்னும் சில தெருக்கள் எழும்பி, அவற்றின் சாக்கடைகளும் வாய்க்காலில் விழுந்தன. வீடுவீடாகப் போய்க் கெஞ்சினார். "நீங்க போட்டதப் பாத்துதான நாங்களும் போட்டோம்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதன்பின் நல்லபெருமாள் பிள்ளை நன்றாக உறங்கி நான் கேள்விப்படவில்லை. வாய்க்கால் கரையில் தனியே நிற்பார். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

சிதைக்குத் தீ வைத்தபின் அருணாசலம் எங்களிடம் வந்தான். "வாய்க்கால்ல யாரும் முங்க வேண்டாம்னு அப்பா சொல்லியிருக்காவ. கிணத்துத் தண்ணி எறச்சு வச்சிருக்கு" என்றான். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஓடும் நீரில் மூழ்காமல் தீட்டு எப்படிப் போகும் என்று கேட்டபடி ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. நீர் தெளிவாகத்தான் இருந்தது. அடியில் மணல் தெரிந்தது. ஒருவர் இரு கையாலும் அள்ளி வாய் கொப்பளித்தார்.

நானும் அருணாசலமும் கிணற்று நீரில் குளித்தோம்.

நல்லபெருமாள் பிள்ளையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய பயம். தெளிந்த நீரைக் கண்டால் இப்போது எனக்கும் கால் நகர்வதில்லை.