அப்பா அயர்லாந்தில் சட்டி கழுவினார்

எங்கள் அப்பா மன்னாரில் பிறந்து சுவிஸ் இன்டர்லாக்கனில் கண்மூடினார் என்று மரண அறிவித்தலில் போட்டிருந்தது. நடுவே அயர்லாந்தைக் காணவில்லை. நான் எழுதிக் கொடுத்த வரியை வெட்டியவர் அப்பாவின் தமையனார், எங்கள் பெரியப்பா.

"சட்டி கழுவினதெல்லாம் போடோணுமோ பிள்ளை? நாலு சனம் வாசிக்கும். மானம் போயிடும்."

யாருடைய மானம்? பெரியப்பாவைச் சுவிசுக்கு எடுத்துவிட்டதும் அந்தச் சட்டி கழுவிய கைதான். நாலு சனம் வாசிக்கட்டும் என்றே இந்த நினைவு மலரை நானே அச்சிடுகிறேன்.

எண்பதுகளில் அப்பா தான் வேலைசெய்த கப்பலை விட்டிறங்கி, அயர்லாந்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அடிப்பிடித்த கிழங்குச் சட்டிகளைச் சுரண்டிச் சுரண்டிக் கை தோலுரியும் என்பார். விருந்தினர் மிச்சம் வைத்ததையே முதலாளியம்மா வேலையாட்களுக்குப் போடுவாராம். ஞாயிறு பூசையில் மட்டும் முன்வரிசையில் முழந்தாளிடுவாராம்.

"அந்த மனிசி மோட்சத்துக்குப் போனா, நான் வேற இடம் பாக்கிறன்" என்று அப்பா சிரிப்பார்.

அங்கே அவர் மதித்தது ஒன்றை மட்டும்தான். கூடச் சட்டி கழுவிய கிழவர் இறந்தபோது, குசினிக்காரர் எல்லோரும் ஏப்ரனைக் கழற்றிவைத்துப் போய்ப் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். கூட உழைத்தவர்கள் சுமப்பது அவ்வூர் வழக்கமாம். அப்பாவும் தோள் கொடுத்தார்.

பின்பு சுவிஸ் வந்து, அம்மாவைக் கூப்பிட்டு, நோய் படுக்கையில் தள்ளும்வரை இங்கும் ஒரு ஹோட்டலில் அதே வேலை செய்தார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னைக் குசினிப் பெடியள்தான் தூக்கோணும். மேடைக்காரர் தொடக் கூடாது. ஓமெண்டு சொல்லு."

"ஓம் அப்பா" என்றேன்.

மேடைக்காரர் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஊர்ச் சங்கக் கூட்டங்களில் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் பெரியமனிதர்கள். ஹோட்டலுக்குச் சாப்பிட வந்தால், அப்பாவைக் கண்டதும் இவர்களுக்கு அவசரமாகத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். செத்தபிறகு மட்டும் உறவு பொங்கி வழிந்தது. பெட்டி தூக்கப் பெரியப்பா இவர்களையே ஒழுங்குசெய்தார்.

குசினிக்காரருக்கு மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வைச் சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். அவர்கள் வரவேண்டுமென்று அடக்கத்தைப் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தேன்.

"மூண்டு மணிக்கு ஆர் அடக்கம் வைக்கிறது? உவையள் தூக்கினா வீடியோவில எப்பிடித் தெரியும்?" என்று பெரியப்பா கத்தினார்.

"அப்பா மாதிரித் தெரியும்" என்றேன்.

பூசை முடிந்ததும் கறுப்புக் கோட்டுகள் முந்திக்கொண்டன. பெரியப்பா முன் கைபிடியைப் பற்றிக்கொண்டார். பின்வரிசையில் இரண்டு தமிழ் அண்ணைமாரும் போர்த்துக்கேயச் சமையற்காரர்களும் குசினிச் சப்பாத்துகளோடு தயங்கி நின்றார்கள். கோயில் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"பெரியப்பா, கையை எடுங்கோ."

எடுத்தார். கோட்டுகளும் விலகின. குசினிக்காரர் அப்பாவைத் தோளில் ஏற்றிக் கல்லறைவரை கொண்டுபோனார்கள். கோப்பிக்குக்கூட நிற்காமல் இரவு வேலைக்கு ஓடினார்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும் என்று அம்மா வற்புறுத்துகிறார். சரி. வழிவிட்டு நின்றமைக்கு நன்றி.